பாட்டு நம்ம பொறுப்பு

இந்த நாற்காலிதான் சரி. முதலில் உட்கார்ந்த நாற்காலியில் தாளம் முதுகோடு நின்றுவிட்டது. இதில் விலா எலும்பில் ஏறி நெஞ்சுக்குள் இறங்கி கடைவாய்ப் பல் வரைக்கும் வந்து தட்டுகிறது. ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி, அதை ஒட்டி நான், கதிரேசன், ஓய்வுபெற்ற மில் மேஸ்திரி, ஆவணியில் கல்யாணமாகப்போகிற மங்கையர்க்கரசியின் தகப்பன். முன்வரிசையில் இந்த மூலை மட்டும் காலியாகக் கிடந்தது, ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாம் பெட்டியைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் போய்விடுகிறார்கள், போகட்டும், எனக்கு விருந்து இங்கேதான். டும் டும் என்று அடிக்கிறபோது வேட்டியின் கரை ஆடுகிறது. சட்டைப் பையில் இருக்கிற கண்ணாடிக் கூடு ஆடுகிறது. கையில் வைத்திருக்கிற காகித டம்ளரில் ரோஸ்மில்க் வட்டம் வட்டமாக நெளிகிறது, அதைப் பார்த்தே இது ஆறு அட்சரமா எட்டு அட்சரமா என்று சொல்லிவிடுவேன். எத்தனை நாளாயிற்று ஒரு பாட்டு இப்படி எனக்குள்ளே வந்து. சிரிப்பு வருகிறது, அடக்க முடியவில்லை, தனியாகச் சிரிக்கிற கிழவன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், கல்யாண வீட்டில் சிரிக்காமல் வேறெங்கே சிரிக்க. மேடையில் ஜிகினா வைத்த கோட்டுப் போட்டவன் பாடுகிறான், பக்கத்தில் பச்சைப் புடவைக்காரி பாடுகிறாள், பின்னால் ஒருவன் நாலைந்து டிரம்முக்கு நடுவில் உட்கார்ந்து ஊரோடு சண்டை போடுகிற மாதிரி அடிக்கிறான். அவன் நல்லா இருக்கணும்.

யார் கல்யாணம் இது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ரிசப்ஷனுக்குப் பாட்டுக் கச்சேரி பிடிப்பதில் ஒரு முறை இருக்கிறது, அதுவே எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. குழுக்காரரிடம் போய் எங்கே பாடிக் காட்டுங்கள் என்றால் பாடிக் காட்டமாட்டார். "ஞாயித்துக்கெழம பைபாஸ் ரோட்டு மண்டபத்துல ஒரு விசேசம் இருக்குண்ணே, சாயங்காலம் வந்து ஒக்காந்து கேட்டுக்கங்க, புடிச்சிருந்தா அட்வான்ஸ் பேசுவோம்" என்பார். தாழம்பூ மெல்லிசைக் குழு ஜெயக்கொடி அப்படித்தான் சொன்னார். அழையா வீட்டுக்கு நுழையாச் சம்பந்தி என்று சும்மாவா சொன்னார்கள், இன்றைக்கு நிஜமாகவே சம்பந்திகள் சேர்ந்து நுழைந்திருக்கிறோம், நானும், மாப்பிள்ளை முகிலனின் அப்பா தவமணியும், அவர் சம்சாரம் வெள்ளையம்மாளும். அவர்கள் தேனியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். என் சம்சாரம் பேச்சி வரவில்லை, அழைக்காத வீட்டில் கை நனைக்கமாட்டாளாம். வாசலில் பன்னீர் தெளித்த பெண் "பொண்ணு வீடா, மாப்ள வீடா" என்று கேட்டாள், நான் மாப்பிள்ளை வீடு என்றேன், அதே மூச்சில் வெள்ளையம்மாள் பொண்ணு வீடு என்றிருக்கிறார், அந்தப் பெண் கல்கண்டுத் தட்டை நீட்டியபடி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே வந்தால் மணப்பெண்ணின் சித்தப்பா ஒருத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ நலம் விசாரித்தார், நானும் எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லிவைத்தேன். சௌக்கியம் என்பது எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில். அப்படி நாலு பதில் என்னிடம் தயாராக இருக்கிறது, சௌக்கியம், ஆகட்டும், அதானே, பார்ப்போம். இந்த நாலையும் வைத்துக்கொண்டு ரெண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன்.

ரெண்டு வருஷம் என்பதே சும்மா ஒரு கணக்குத்தான், எப்போது ஆரம்பித்தது என்று யாருக்குத் தெரியும். முதலில் குக்கர் விசில் போனது. பிறகு காலிங்பெல். பிறகு பெண்கள் குரலில் இருக்கிற எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின, ச போனது, த போனது, வார்த்தைகள் பல் விழுந்த வாய் மாதிரி ஆயின. மில் சத்தத்தில் முப்பது வருஷம் நின்ற காது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எங்கப்பா மில் வாசலையே மிதித்ததில்லை, வெற்றிலைக் கடை வைத்திருந்தவர், அவருக்கும் இந்த வயதில்தான் காது போனது, அவருடைய அண்ணனுக்கும் போனது, ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயரே செவிட்டு வீடு. அந்தப் பெயரை விட்டுத்தான் நான் மதுரைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இப்போது அது பின்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டது. இதை எப்படிச் சம்பந்தி வீட்டில் சொல்வது. ஒரே பையன் அவர்களுக்கு. பேரன் பேத்திக்கு வருமா என்று கேட்பார்கள், கேட்காவிட்டாலும் நினைப்பார்கள், நினைத்ததை ராத்திரி ஒருத்தரோடொருத்தர் பேசிக்கொள்வார்கள். கல்யாணம் முடியட்டும், தாலி ஏறட்டும், அப்புறம் மெதுவாக ஒருநாள் வயசாயிற்று காது மந்தமாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பேச்சிக்குக்கூடத் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் கல்யாணமான நாளிலிருந்தே அவள் "இந்த மனுசன் எதையும் காதுல வாங்கிக்க மாட்டாரு, செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நிஜமாகவே செவிடானபோது அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. புருஷனாக இருப்பதில் இப்படியும் ஒரு சௌகரியம்.

ஆனால் இங்கே, இந்த மண்டபத்தில், ஆகா, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பாட்டு ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷமே கவனித்துவிட்டேன், இங்கே எல்லாருமே செவிடு. எனக்குப் பின்னால் ஒருத்தர் பக்கத்தில் இருப்பவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்துகிறார், அவர் "ஆ?" என்கிறார், என் ஆ, அச்சு அசல் என் ஆ. கலெக்டர் ஆபீஸ் தோரணையில் ஒருத்தர் காதைக் குவித்துக்கொண்டு தலையைச் சாய்க்கிறார், அந்தச் சாய்ப்பை நான் ரெண்டு வருஷம் கண்ணாடி முன்னால் பழகி மறைக்கப் பார்த்திருக்கிறேன், அவர் வெட்கமில்லாமல் சாய்க்கிறார். யாரோ எதையோ சொல்ல, எதிரில் இருக்கிற அம்மாள் புரியாமலே பல்லைக் காட்டித் தலையாட்டுகிறாள். வாம்மா, வா, நம்ம சாதிதான் நீ. ஆனால் எனக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, இவர்களுக்கு இது இன்றைக்குத்தான் புதுசு, நான் தேறியவன். மில்லில் தறி ஓடும்போது யார் பேசினாலும் கேட்காது, நாங்கள் உதட்டைப் பார்த்தே பேசுவோம், இருபது தறிக்கு அந்தப் பக்கம் இருப்பவன் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்துகொள்வோம். அந்தக் கண் இன்னும் இருக்கிறது. அதோ மூணாவது வரிசையில் சிவப்புப் புடவை, "பொண்ணு கொஞ்சம் கறுப்புதான்" என்கிறாள். பந்திக்குப் போகிற வழியில் நிற்கிற ரெண்டு பேர், "பிரியாணி இல்லையாம்ல", "சைவமாம்", "அப்ப எதுக்கு வந்தோம்". மணமேடையில் மாப்பிள்ளை பெண்ணிடம் "கால் வலிக்குது" என்கிறான், அவள் உதட்டை அதிகம் அசைக்காமல் சிரித்துக்கொண்டே "எனக்குந்தான்" என்கிறாள், போட்டோவுக்குச் சிரிக்கிற வாயில் அந்த வார்த்தை எப்படித்தான் வந்ததோ. மண்டபமே எனக்கு ஒரு ஊர்க்கதையாக விரிந்து கிடக்கிறது. ஐநூறு பேர் கூடியிருக்கிற இடத்தில் காது கேட்கிற ஒரே ஆள் நான்தான். இந்தச் சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்ல. தவமணியிடம் சொல்ல முடியாது, அவர் வாயைப் படிக்கவும் முடியாது, மனுஷர் மீசை உதட்டை மூடிக்கொண்டு தாடை வரைக்கும் கூரை வேய்ந்திருக்கிறது, அதற்குள்ளிருந்து அவர் பேசுவதும் பக்கத்தில் இருக்கிற எறும்புக்குச் சொல்கிற மாதிரிதான். அவரிடம் நான் செலவழித்த ஆகட்டும்களுக்குக் கணக்கே இல்லை.

அப்படியென்றால் தாழம்பூவையே முடித்துவிட வேண்டியதுதான். ஏன் கூடாது? நம் கல்யாணத்திலும் மண்டபம் முழுக்க இப்படி ஆ ஆ என்று காதைக் குவித்துக்கொண்டு இருப்பார்கள், முகிலன் வீட்டு ஜனம் தேனியிலிருந்து ரெண்டு பஸ்ஸில் வந்து இறங்கி என்னிடம் வரிசையாக எதையாவது கேட்பார்கள், எனக்குக் கேட்காது, அவர்களுக்கும் கேட்காது, யார் செவிடு என்று யார் கண்டது. இடி இடிக்கிறபோது குறட்டை விடுகிறவனை யார் பிடிக்க முடியும். பத்திரமாகத் தப்பித்துவிடுவேன். அதுகூட அப்புறம்தான். உண்மையைச் சொன்னால், என் மகள் கல்யாணப் பாட்டை நான் கேட்க வேண்டும். இதுதான், இந்த டும் டும்தான், எனக்கு இனிமேல் கேட்கப்போகிற ஒரே பாட்டு. எனக்கு அது வேண்டும், ஆசையாக இருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் அரசி என்ன சொன்னாள். அதுதான் இடிக்கிறது, ஒவ்வொரு தடவையும் நினைப்பு சந்தோஷமாக ஓடிப்போய் அங்கேதான் முட்டுகிறது. "பாட்டு ஒங்க பொறுப்புப்பா, வேற யாரையும் கேக்க மாட்டேன், நீங்கதான் எனக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்து வளத்தீங்க. ஆனா ஒண்ணு, காதப் பொளக்குற மாதிரி வேணாம். வர்றவங்க ஒக்காந்து பேசணும். வீணை மாதிரி, பொல்லாங்குழல் மாதிரி." அவள் சொன்னாள் என்று போன ஞாயிற்றுக்கிழமை இன்னொரு அழையாத வீட்டுக்குப் போனேன், மூன்று பெண் பிள்ளைகள், ஒருத்தி வீணை, ஒருத்தி புல்லாங்குழல், ஒருத்தி மிருதங்கம். முதல் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்தேன். வீணைக்காரி விரல் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகிறது, புருவம் ஏறுகிறது, இறங்குகிறது, எனக்கு ஒன்றும் இல்லை. புல்லாங்குழல் பெண் கன்னம் உப்புகிறது, எனக்கு ஒன்றும் இல்லை. மிருதங்கத்தின் இடப்பக்கம் மட்டும் எப்போதாவது தொம் என்றது, பக்கத்து வீட்டில் யாரோ மாவு மூட்டையை இறக்கி வைப்பதுபோல. சுற்றி இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்கள், ரெண்டு பாட்டி மெதுவாகக் குடும்பக் கதை பேசினார்கள், ஒருத்தர் என்னைப் பார்த்து எதையோ மூன்று தடவை கேட்டார், மூன்றாவது தடவை அவர் முகம் மாறியது. எழுந்து வந்துவிட்டேன். பேச்சியிடம் அவ்வளவு சரியில்லை என்று சொன்னேன். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்.

பாட்டு மாறுகிறது. டிரம்காரன் தலையைச் சிலுப்பிக்கொண்டு புதிதாக ஒன்றைத் தொடங்குகிறான், இது இன்னும் அமர்க்களம், தொடைச்சதை தனியாக ஆடுகிறது. சம்பந்திக்குப் பிடித்திருக்கிறதா பார்ப்போம். திரும்பிப் பார்க்கிறேன். மண்டபத்தின் அந்தக் கோடியில், மின்விசிறிக்குக் கீழே, தவமணி மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு அடுத்து வெள்ளையம்மாள், அவருக்கு அடுத்து முன்பின் தெரியாத ஒரு அம்மாள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்களிடம்தான் பெண்கள் மனசைக் கொட்டுவார்கள். வெள்ளையம்மாளின் வாய் நன்றாகப் படிக்க வருகிற வாய், பெரிய வாய், ஒவ்வொரு எழுத்தையும் மென்று பேசுவார். "ஒரே பையன், பொம்பளப்பிள்ள இல்ல எனக்கு" என்கிறார். அதானே. "எத்தன வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன், மருமகளுக்குன்னு போயி" என்கிறார், அதற்கப்புறம் தலையைத் திருப்பிவிட்டார், பிறகு, "அது எங்க பொறுப்புன்னு அவரே வெடுக்குனு சொல்லிப்புட்டாரு. எங்க ரசன ஆகாதாம்." யார் சொன்னது, எது. "கடைசில பட்டு", இல்லை, மட்டு, உதட்டில் பட்டும் மட்டும் ஒன்றுதான், பாப்பாவும் மாமாவும் ஒன்றுதான், மில்லில் இதை வைத்தே எத்தனை வம்பு வந்திருக்கிறது. மட்டு என்றால் என்ன மட்டு. வெள்ளையம்மாள் தன் முந்தானையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக் காட்டுகிறார். பட்டு. வாய் அகலத் திறக்கவில்லை, ஒரு பொட்டுத் திறந்து மூடியது. பாட்டு இல்லை. பட்டு. முகூர்த்தப் பட்டு. மாப்பிள்ளை வீட்டில் எடுத்து, மாமியார் கையால் தட்டில் வைத்து, மருமகள் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து தாலிக்கு உட்காருகிற பட்டு. எனக்குக் கையிலிருந்த டம்ளர் சரிந்தது. நிச்சயத்தன்று, என் வீட்டுக் கூடம், தலைக்கு மேல் மின்விசிறி, அடுப்படியில் வடை பொரிகிற இரைச்சல், தவமணி மீசைக்குள்ளிருந்து ஏதோ சொன்னார், நாங்க பாத்துக்கிறோம் என்று முடிந்தது. முதல் வார்த்தை பாட்டு என்றுதான் எனக்குக் கேட்டது, ஏனென்றால் அரசி அதற்கு முந்தின நாள்தான் பாட்டு ஒங்க பொறுப்புப்பா என்று சொல்லியிருந்தாள், மண்டைக்குள் பாட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. நான் என்ன செய்தேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், "அதெல்லாம் வேணாம் சம்பந்தி, அது எங்க பொறுப்பு. எம்மக என் ரசனையில வளந்தவ. மத்தவங்க தேர்வு அவளுக்குப் புடிக்காது." கூடமே அமைதியானது. என் கம்பீரத்தைக் கண்டு அசந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பேச்சி தொடையில் கிள்ளினாள், பெருமையில் கிள்ளுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் அவள் எத்தனையோ கேட்டாள், நான் சொன்னது சொன்னதுதான் என்றேன், அவள் முணுமுணுத்துக்கொண்டே பட்டுக்கடைக்கு அலைந்தாள், எதற்கு இத்தனை அலைச்சல் என்றுகூட நான் கேட்டேன். ஐயோ, ஒவ்வொரு வார்த்தையும் பட்டுக்கும் பொருந்துகிறதே. ஒரு மாமியாரைப் பார்த்து, பெண் பிள்ளை இல்லாத ஒரு மனுஷியைப் பார்த்து, உன் தேர்வு என் மகளுக்குப் பிடிக்காது என்று சபையில் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் இருந்துவிடலாம். பேச்சியிடம் சொல்லி, பேச்சி வெள்ளையம்மாளிடம் சொல்லி, வீட்டுக்காரர் மனசு மாறிவிட்டார் என்று பூசி மெழுகிவிடலாம். எதற்காக மாறினார், அப்போது ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் என்ன சொல்வது, திமிர் என்று சொல்வதா, செவிடு என்று சொல்வதா. திமிர் பிடித்தவன் வீட்டில் பெண் எடுக்கலாம், ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். செவிட்டு வீட்டில் எடுப்பார்களா. எழுந்துவிட்டேன் போலிருக்கிறது, கால் நடக்கிறது. அரசி அந்த வீட்டில் போய் வாழப்போகிறவள், இந்த அம்மாளோடு தினமும் ஒரே அடுப்பில் நிற்கப்போகிறவள், முகூர்த்தப் பட்டில் விழுந்த முடிச்சு நாற்பது வருஷம் அவிழாது, எனக்குத் தெரியும், என் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் இருந்தது ஒரு மூக்குத்தி. நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறேன். பெட்டியிலிருந்து தள்ளிவரத் தள்ளிவர நெஞ்சுக்குள் இருந்த டும் குறைகிறது, வயிற்றுக்கு இறங்குகிறது, உள்ளங்காலுக்கு இறங்குகிறது, அப்புறம் அங்கேயும் இல்லை. பரவாயில்லை. மேடையைத் திரும்பிப் பார்த்தேன், விளக்குகள் சிவப்பும் நீலமுமாகச் சுழல்கின்றன, பச்சைப் புடவைக்காரி மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து பாடுகிறாள், சத்தம் ஊரைத் தூக்கும், நல்லது, இந்தச் சத்தத்துக்குள் சொன்னால் வெள்ளையம்மாளுக்கு மட்டும் கேட்கும், பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காது. அவர் முன்னால் போய் நின்றேன். அவர் அவசரமாக முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன், "தங்கச்சி, எனக்குக் காது கேக்காது தாயி. நீங்க பட்டுன்னு சொன்னத நான் பாட்டுன்னு கேட்டுப்புட்டேன்."

முகங்கள் திரும்பின. முன்வரிசை திரும்பியது, பந்தி வழியில் நின்றவர்கள் திரும்பினார்கள், மணமேடையில் போட்டோவுக்கு நின்றவர்கள் கூடத் திரும்பினார்கள், ஒரு கைக்குழந்தை திரும்பியது. கீபோர்டுக்காரன் கையை மடியில் வைத்திருக்கிறான். டிரம்காரன் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் பாட்டிலோடு அப்படியே நிற்கிறான். அப்போதுதான் புரிந்தது, பழைய பாட்டு எப்போதோ முடிந்துவிட்டது, பச்சைப் புடவைக்காரி பாடியது அடுத்த பாட்டின் தொகையறா. பாட்டு தொடங்குவதற்கு முன்னால், மேளம் கீளம் எதுவும் இல்லாமல், ஒற்றைக் குரலில் இழுத்துப் பாடுகிற நாலு வரி. மண்டபம் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அதற்கு நடுவில் நான். அவளும் வாயை மூடிவிட்டாள். இப்போது நிஜமாகவே எல்லாருக்கும் எதுவும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் வேர்த்தது, இருந்தாலும் பாதியில் நிறுத்தினால் கேவலம், சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான், சத்தத்தைக் குறைத்தேனா என்று எனக்குத் தெரியாது. "எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் காது போச்சு. வழிவழியா வர்றதா இருக்கும். மொதல்லயே சொல்லியிருக்கணும், பயந்துக்கிட்டுச் சொல்லல. பட்டு நீங்கதான் எடுக்கணும். ஒங்க தேர்வ நான் எதுக்குத் தாயி வேணாங்கப் போறேன்."

வெள்ளையம்மாள் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்கவே பயமாக இருந்தது, ஆனால் பார்க்காமல் எனக்கு வேறு வழி ஏது, என் காது அங்கேதானே இருக்கிறது. அவர் எழுந்தார். விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி அரைவட்டம் திரும்பி நின்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவருக்கு அது எப்படித் தோன்றியதோ. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு சொன்னார். "அண்ணே. பட்டு. நான். எடுக்கட்டுமா?" எடு தாயி என்றேன். "அரக்குக் கலர் நெனச்சு வச்சிருக்கேன்" என்றார். அவளுக்கு அரக்கு நல்லா இருக்கும் என்றேன். "வழிவழியா வந்தா வந்துட்டுப் போகுது. எங்க ஊருப் பக்கம் வந்து பாருங்க, அம்புட்டுப் பேருக்கும் மைக்செட் தொண்டைதான். இவரு ஒருத்தருதான் இப்பிடி." தவமணி அதற்குள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். ஏதோ சொன்னார், மீசை மட்டும் அசைந்தது. வெள்ளையம்மாள் அவர் விலாவில் ஒரு இடி இடித்தார். மனுஷர் திடுக்கிட்டு, ரெண்டு விரலால் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெளுத்துப்போன மெல்லிய உதட்டை முதன்முறையாக எனக்குக் காட்டி, "சாப்புடப் போவமா சம்பந்தி" என்றார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது போலிருக்கிறது, எல்லாருடைய பல்லும் தெரிந்தது. டிரம்காரன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு, தரையே அதிர ஒரு அடி அடித்தான்.

சாப்பிடப் போவதற்கு முன்னால் மறுபடியும் அந்தக் கறுப்புப் பெட்டியிடம் போனேன். ஒரே ஒரு பாட்டு. உட்காரவில்லை, பெட்டியின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன், முழுப்பாட்டையும் உள்ளங்கையால் வாங்கிக்கொண்டேன். ஜெயக்கொடி ஓடிவந்து எப்படிண்ணே என்றார். "தம்பி, நீங்க தேவலோகம்" என்றேன், முகம் மலர்ந்துபோனார். அவருக்குச் சொல்ல வேண்டியதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வாசலுக்கு வந்து, வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்று அரசியைக் கூப்பிட்டேன், வீடியோவில்தான். ஓசூரில் பாங்கி வேலை அவளுக்கு, தினம் முகத்தைப் பார்த்தால்தான் அப்பாவுக்குத் தூக்கம் வரும் என்று தோழிகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "எப்டிப்பா இருந்துச்சு?" ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா நமக்கு வேணாம், அந்த வீணைப் பிள்ளைகளையே சொல்லிடு என்றேன். "அவங்க சரியில்லன்னு அம்மாகிட்ட சொன்னீங்களாமே. ஒங்களுக்குப் புடிச்சிருந்தா இதையே வைங்கப்பா, எனக்கு ஒண்ணுமில்ல." சொன்னேன். காது போனதைச் சொன்னேன், தாத்தாவைச் சொன்னேன், பட்டைச் சொன்னேன், தொகையறாவைச் சொன்னேன், அந்த இடத்தில் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவளுக்கு உதடு நடுங்கியது, நடுங்குகிற உதட்டைப் படிப்பது கஷ்டம், இருந்தாலும் படித்தேன். "அப்ப வீணை வாசிச்சா ஒங்களுக்கு ஒண்ணுமே கேக்காதேப்பா." கேக்காது என்றேன். "அப்பறம் எதுக்குப்பா அது?" மண்டபத்துக்குள் என்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்ததோ, இங்கே எதுவும் வரவில்லை, திரை முழுக்க அவள் முகம் மட்டும் இருந்தது. "நீ கேளும்மா" என்றேன். "நான் பாத்துக்கிறேன்."